கறுவா எண்ணெயும் கண்ணாடி டம்ளரும்

எங்கள் முதலாளிக்கு உலகத்தில் இரண்டு பொருள்கள் மீதுதான் முழு நம்பிக்கை. ஒன்று அவருடைய கண்ணாடி டம்ளர். மற்றது என் மூக்கு. இரண்டில் டம்ளர் ஒரு படி மேல், ஏனென்றால் அதற்குச் சளி பிடிக்காது.

கோவில்பட்டியில் பல்வலித் தைலம் செய்து விற்கும் சிறிய கம்பெனி அது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட நான், அங்கே பாட்டில் கழுவப் போய்ச் சேர்ந்து, வாசனை பார்க்கிறவனாக உயர்ந்திருந்தேன். உயர்ந்தேன் என்பதே அதிகப்படி. எதைக் கண்டாலும் பயப்படுகிறவன் எதையும் முகர்ந்து பார்க்காமல் தொடமாட்டான். அதைத் திறமை என்று முதலாளி நினைத்துக்கொண்டார்.

தைலத்துக்கு உயிரே இலங்கையிலிருந்து வரும் கறுவா இலை எண்ணெய்தான். நாம் குழம்பில் பட்டை என்று போடுகிறோமே, அந்த மரத்துக்கு அங்கே கறுவா என்று பெயர். பட்டைக்கு ஒரு வாசனை. இலையை வடித்து எண்ணெய் எடுத்தால் வேறு வாசனை, கிராம்பைக் கடித்த மாதிரி. சொத்தைப் பல்லில் ஒரு சொட்டு விட்டால் வலி மரத்துப்போகும். மாத்தளைப் பக்கம் பலாபத்வல என்ற ஊரில் ஒரு ஹாஜியாரிடமிருந்து பல வருஷமாக டின் டின்னாக வந்துகொண்டிருந்தது. நல்ல எண்ணெய் தண்ணீரைவிடக் கனம். டம்ளர் தண்ணீரில் விட்டால் நேரே அடியில் போய் உட்காரும். லேசான எண்ணெய் ஏதாவது கலந்திருந்தால் மிதக்கும். இதுதான் முதலாளியின் பரீட்சை.

கடைசியாக வந்த டின்னின் எண்ணெய் தாழவும் இல்லை, மிதக்கவும் இல்லை. திரிசங்கு மாதிரி டம்ளரின் நடுவே தொங்கியது. அதில் மாதிரிக்கு ஒரு பாட்டில் தைலம் செய்து பக்கத்து ஜவுளிக்கடைக்காரரிடம் கொடுத்தோம். அவர் வாயைப் பொத்திக்கொண்டு வந்து, "என்னய்யா, பல்லுக்குத் தீபாராதனை காட்டின மாதிரி இருக்கு?" என்றார். உண்மைதான். எனக்கும் கற்பூர வாசனைதான் அடித்தது.

"கற்பூரத் தைலம் கலந்திருக்கான்," என்று முதலாளி முடிவு கட்டினார். "நீ போ. அவன் கண் முன்னாலேயே டம்ளரை வெச்சுப் பாரு. கலப்படம்னு தெரிஞ்சா முகத்துக்கு நேரே சொல்லிட்டு வந்துடு. நம்ம பக்கத்து வியாபாரிங்க அத்தனை பேருக்கும் நான் சொல்லிடறேன். அப்புறம் ஒரு சொட்டு விக்கட்டும், பார்ப்போம்."

தயிர்க்காரியிடம் தயிர் புளிக்கிறது என்று சொல்லத் தைரியம் இல்லாமல் புளித்த தயிரையே ஆறு மாசம் சாப்பிட்டவன் நான். என்னைத்தான் கடல் தாண்டிப் போய் ஒருவரைத் திருடன் என்று சொல்லச் சொன்னார். ஹாஜியாருக்கு, மூக்காலேயே தரம் சொல்லும் எங்கள் பையன் எண்ணெய் வடிப்பதைப் பார்க்க வருகிறான் என்று மட்டும் கடிதம் போனது.

கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில். இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டுவிடுவேனோ என்ற பயத்தில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எதிரே இருந்த பெரியவரிடம், "மாத்தளையா?" என்று கேட்டேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "இல்லைங்க" என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். உக்குவளைக்கு முந்தின ஸ்டேஷனிலும் கேட்டேன். அவர் எச்சிலைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நான் உக்குவளையில எறங்கணும். எறங்கிட்டா நீங்க யாரைக் கேப்பீங்கன்னு கவலையா இருக்கு. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. மாத்தளைக்கு அப்புறம் தண்டவாளமே கெடையாது. நீங்க தூங்கினாலும் ரயிலு ஒங்கள அதுக்கு மேல கொண்டு போக முடியாது."

அதற்குப் பிறகு எனக்கு வந்த கவலை, தண்டவாளம் முடிகிற இடத்தில் ரயில் சரியாக நிற்குமா என்பது.

மாத்தளையில் பஸ் ஏறி, "பலாபத்வல" என்று டிக்கெட் வாங்கினேன். பக்கத்தில் ஒரு சிங்களப் பெரியவர். பஸ் கிளம்பியதும் என் தோளில் தலையைச் சாய்த்து அயர்ந்து தூங்கிவிட்டார். பலாபத்வல வந்தது. கண்டக்டர் கத்தியதும் எனக்குக் கேட்டது. ஆனால் முன்பின் தெரியாத ஒரு மனிதரின் தூக்கத்தை எப்படிக் கலைப்பது? அவராக விழிப்பார் என்று காத்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே கடைகள் போயின, மிளகுக் கொடிகள் போயின, மரங்கள் போயின. நாலந்தாவில் அவர் விழித்தார். வெளியே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரே சத்தம்.

கண்டக்டர் சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னார்: "அவரும் பலாபத்வலதானாம். நீங்க டிக்கெட் வாங்கினத கேட்டாராம். எறங்கும்போது எப்படியும் எழுப்புவீங்கன்னு நம்பித் தூங்கினாராம்."

திரும்பி வர ஒரு பூசணிக்காய் லாரி கிடைத்தது. இருவரும் பூசணிக்காய்களின் மேலே உட்கார்ந்தோம். மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் மழை என்றால் பத்து நாள் முன்பே பேச்சு அடிபட்டு, பிறகு வராமல் போகும். இங்கே பேச்சே இல்லாமல் வந்து தலையில் விழுந்தது. பெரியவரிடம் குடை இருந்தது. அதை அவர் விரித்து, தனக்கு மட்டும் பிடித்துக்கொண்டார். நியாயம்தான்.

ஹாஜியார் வீட்டு வாசலில் போய் நிற்கும்போது என் மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீர் எது, மற்றது எது என்று எனக்கே தெரியவில்லை. ஹாஜியார் தடித்த உடம்பும் நரைத்த தாடியுமாக, தொப்பியைச் சரி செய்துகொண்டே ஓடி வந்தார்.

"யா அல்லாஹ்! கோவில்பட்டியில ஈந்து வந்த தம்பியா? இப்பிடியா நனைஞ்சு வார? உள்ளுக்கு வாங்க, வாங்க!"

இந்த மனிதரைத்தான் திருடன் என்று சொல்ல வேண்டும். அவர் கையாலேயே எனக்குத் தலை துவட்டத் துவாய் எடுத்துக் கொடுத்தார்.

லாரி குலுங்கிய குலுக்கலில் டம்ளர் உடைந்திருக்குமோ என்று வழியெல்லாம் உதறல். உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பையைத் திறந்து, வேட்டிக்குள் சுற்றி வைத்திருந்த டம்ளரை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கீறல் கூட இல்லை. நிம்மதியாகப் பக்கத்தில் வைத்தேன். நிமிர்ந்தால், ஹாஜியார் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் உள்ளேயிருந்து பீங்கான் கோப்பைகளில் ஆவி பறக்கத் தேநீர் வந்திருந்தது.

ஹாஜியார் எனக்கு வந்த கோப்பையை மெதுவாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். உள்பக்கம் திரும்பி, திரைக்குப் பின்னாலிருந்த மனைவியிடம் தணிந்த குரலில், "தம்பி சொந்தமா கிளாஸ் கொண்டாந்தீக்கி. அதக் கழுவி, அதுலயே தேத்தண்ணி ஊத்து. கழுவுற துணி புதுசா ஈக்கட்டும்," என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. துலுக்கர் வீட்டுக் கோப்பையில் வாய் வைக்காத ஆசாரக்காரன் என்று என்னை நினைத்துவிட்டார்கள். ஐயையோ, அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படியானால் டம்ளர் எதற்கு என்று கேட்பாரே? உங்கள் எண்ணெயைச் சோதிக்க என்றால், உங்களைச் சந்தேகப்படுகிறோம் என்று சொன்னதாகிவிடும். ஒரு அவமானத்தை மறைக்க இன்னொரு அவமானத்தை வைத்துக்கொண்டேன். பரீட்சை டம்ளரில் வந்த தேநீரைக் குடித்தேன்.

அதோடு முடியவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு எனக்கென்று மாத்தளைச் சைவக் கடையிலிருந்து ஆள் அனுப்பி இட்லி வாங்கி வந்திருந்தார்கள். நடு ஹாலில் பாய் விரித்து, பெரிய வட்டத் தட்டு ஒன்றில் சோற்றைக் குவித்து, மேலே கோழியும் முட்டையும் பொரித்த வெங்காயமுமாக வைத்தார்கள். அதற்குச் சஹன் என்று பெயர். ஹாஜியாரும் அவருடைய மூன்று மகன்மாரும் அதைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே தட்டில் அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிட்டார்கள். நான் கொஞ்சம் தள்ளி, வாழையிலையில் ஆறிப்போன இட்லியோடு உட்கார்ந்திருந்தேன். சிறு வயதிலிருந்து கறி தின்கிறவன் நான். மூக்கு அடைத்திருந்ததால் வாசனை தெரியவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

"சட்னி போதுமா தம்பி? வெக்கப்படாம செல்லுங்க," என்றார் ஹாஜியார், ஒரு கோழிக்காலைப் பிய்த்துக்கொண்டே.

"ரொம்ப திருப்தி," என்றேன்.

மறுநாள் காலை எண்ணெய் வடிக்கும் கொட்டகைக்கு அழைத்துப் போனார். பட்டை உரித்த பிறகு மிஞ்சும் இலைகளை வாட வைத்து, பெரிய செம்புப் பானையில் திணித்து, கீழே தீ மூட்டியிருந்தார்கள். ஆவி ஒரு குழாய் வழியே குளிர்ந்த தண்ணீருக்குள் போய், தண்ணீரும் எண்ணெயுமாக ஒரு உயரமான தகரப் பாத்திரத்தில் சொட்டியது. எண்ணெய் அடியில் தங்கும். தண்ணீர் மேலே உள்ள மூக்கு வழியாக வழிந்து ஒரு குழியில் விழும். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் முத்துக்கருப்பன். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒல்லியான ஆள், புகையில் சிவந்த கண்.

"சார்தான் மூக்கால பாத்தே தரம் சொல்றவரா? பெரிய தொரை மாதிரி இருப்பாருன்னு நெனச்சேன்," என்று சிரித்து, ஒரு சிரட்டையில் எதையோ நீட்டினார். "பாருங்க சார், எப்பிடின்னு."

மூக்கு என்று ஒன்று இருப்பதே அன்று எனக்கு வலியால்தான் தெரிந்தது. ஆனால் மூக்குக்காகவே அனுப்பப்பட்டவன் மூக்கு வேலை செய்யவில்லை என்று எப்படிச் சொல்வது? கண்ணை மூடி, ஆழமாக இழுத்து, தலையை ஆட்டி, "நல்ல காரம். நல்ல முதிர்ச்சி," என்றேன்.

"அது அடுப்புக்கு ஊத்துற மண்ணெண்ணெய், சார். எண்ணெய் இந்தா இருக்கு."

ஹாஜியார் அடக்கமான மனிதர். வேறு பக்கம் திரும்பி இருமினார். நான் புரையேறியது போல் இருமினேன். முத்துக்கருப்பன் மட்டும் இருமாமல் சிரித்தார்.

டம்ளரைத் துண்டில் மறைத்துக் கொண்டு போயிருந்தேன். யாரும் பார்க்காத நேரம் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பலா மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் பிடித்து, அன்று வடித்த எண்ணெயில் கொஞ்சம் விட்டேன். சமர்த்தாக அடியில் போய் உட்கார்ந்தது. சுத்தமான எண்ணெய். சந்தோஷப்பட வேண்டியவன், புதுக் கவலையில் விழுந்தேன். நான் வருவது தெரிந்து நல்லதைக் காட்டுகிறார்களா? முதலாளி அப்படித்தான் சொல்வார். அப்படியானால் அந்தக் கற்பூரம் எங்கே இருந்து வந்தது?

சாயங்காலத்துக்குள் தும்மல் வீட்டையே அதிர வைத்தது. திரைக்குப் பின்னாலிருந்து ஹாஜியாரின் மனைவி கேட்டார்: "தம்பிக்கு நல்ல தடிமல் பிடிச்சீக்கி. எங்கட ஊட்டு மருந்து ஈக்கி, பூசுவாரா கேளுங்க. குடிக்கிற சாமான் இல்ல, மேலுக்குப் பூசுறதுதான்." என் ஆசாரத்துக்குப் பங்கம் வரக்கூடாதே என்ற அக்கறை.

சின்னக் குப்பி ஒன்று வந்தது. இரண்டு சொட்டு எடுத்து மூக்கின் இரு பக்கமும் நெஞ்சிலும் தேய்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ஏதோ மதகு திறந்த மாதிரி இருந்தது. இரண்டு நாளாகச் செத்துக் கிடந்த மூக்குக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் அது முகர்ந்த முதல் வாசனை, எந்த வாசனையைத் தேடிக் கடல் தாண்டி வந்தேனோ, அதேதான். கோவில் கருவறையில் தீபாராதனை காட்டி முடித்த வாசனை. அடியில் லேசாகக் கறுவா.

யோசிக்காமல் பக்கத்திலிருந்த டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன். மிதந்தது. இன்னும் கொஞ்சம் விட்டேன். எல்லாம் தங்க நிறத்தில் மேலே படர்ந்து மிதந்தது.

ஹாஜியார் பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, குடிக்கிற தண்ணிக்குள்ள என்னத்துக்கு மருந்த ஊத்துறீங்க?"

இனி மறைக்க இடம் இல்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நடுவில் தொங்கிய எண்ணெய், ஜவுளிக்கடைக்காரரின் பல், முதலாளி சொன்ன வார்த்தை, டம்ளர் எதற்கு என்பது, எல்லாம். சொல்லச் சொல்ல அவர் முகம் கறுத்தது.

"களவு செய்யிறேனான்னு பாத்துட்டுப் போக வந்தீக்கிறீங்க," என்றார் மெதுவாக. "எங்கட வாப்பா காலத்துல ஈந்து இந்தப் பேரக் காப்பாத்தி வெச்சீக்கிறம் தம்பி. கோவில்பட்டியில ஒரு வார்த்த செல்லிட்டா, தூத்துக்குடி, மதுரை எல்லாம் போயிரும். பொறகு நான் எண்ணெய் வடிச்சி என்ன செய்ய?"

"இந்த மருந்து எங்கே இருந்து வந்தது?" என்று மட்டும் கேட்டேன்.

திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "முத்துக்கருப்பன் கொண்டாந்து தார. குழியில மிதக்குறதாம்."

மறுநாள் விடிந்ததும் கொட்டகைக்குப் போனோம். ஹாஜியார் முன்னால், நான் பின்னால். முத்துக்கருப்பனிடம் கேட்டதும் ஆளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஆமாங்க! தண்ணி வழிஞ்சு போற குழியில சில நாளு எண்ணெய் மெதக்கும். எண்ணெய் அடியிலதானே நிக்கணும், இது ஏன் தண்ணியோட போவுதுன்னு பாத்தேன். வீணாப் போவுதேன்னு சிரட்டையால வழிச்சு எடுத்து, வீட்டம்மாவுக்குக் குடுத்தேன். தடிமலுக்கு நல்லா கேக்குதுன்னாங்க. மேல் தோட்டத்து எலை வர ஆரம்பிச்ச பொறகு ரொம்ப மெதந்துச்சுங்க. வீட்டுல குப்பி எல்லாம் நெறஞ்சு போச்சு. இதுவும் நம்ம எண்ணெய்தானே, கீழ கொட்டலாமான்னு, டின்னுலயே சேத்துட்டேங்க. ஒரு சொட்டு வீணாக்கல!"

ஹாஜியாருக்கு மூச்சு வாங்கியது. "எட முத்துக்கருப்பா! நீ மிச்சம் பிடிச்சதுல என்ட பேரு போகப் பாத்துச்சேடா! நாளைக்கு இந்தப் பக்கம்..."

வாக்கியம் முடியவில்லை. கொட்டகைப் பக்கம் வராத ஹாஜியாரின் மனைவி, முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். "அவன ஏசாதீங்க. குப்பி நெறஞ்சு போச்சு, டின்னுல ஊத்து, வீணாக்க வாணாம்னு சென்னது நான்தான். என்னையும் வேலைய விட்டு நிப்பாட்டுங்க பாப்பம்."

ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் தகரப் பாத்திரத்தைப் பார்த்தேன். முத்துக்கருப்பன் மட்டும், பாராட்டு ஏன் இன்னும் வரவில்லை என்று காத்துக்கொண்டிருந்தார்.

மேல் தோட்டத்துக்கு ஏறினோம். பறவைகள் பழத்தைத் தின்று எச்சமிட்ட இடங்களில் முளைத்த கன்றுகளைப் பிடுங்கி நட்ட சரிவு அது. எல்லாச் செடியும் ஒன்று போலத்தான் இருந்தது. அதே பளபளப்பு, இலையில் அதே மூன்று நரம்பு. மூக்கு திறந்த தைரியத்தில் ஒவ்வொன்றாகக் கசக்கி முகர்ந்தேன். ஒன்றில் கிராம்பு. அடுத்ததில் கிராம்பு. மூன்றாவதில் கற்பூரம்! பக்கத்திலேயே, கிளையோடு கிளை உரசி நிற்கிற செடியில் மறுபடி கிராம்பு. மேலே போனால் ஒன்று எலுமிச்சைத் தோல் மாதிரி. என் அக்கா தங்கைகள் நினைவுக்கு வந்தார்கள்; முகம் ஒன்று, வாயைத் திறந்தால் ஆளுக்கு ஒன்று.

ஹாஜியாரும் ஒரு இலையைக் கசக்கினார். "சிங்கள ஆக்கள் இதுக்குப் பேரே வெச்சீக்கிறாங்க. கப்புரு குருந்து. கற்பூரக் கறுவா. நான் பட்டையப் பாக்கிறவன் தம்பி. இலைய ஆரு கசக்கிப் பாத்தது?"

யாரும் கலக்கவில்லை. மரமே கலந்து வைத்திருந்தது.

என் சிவப்புத் துண்டைக் கிழித்துக் கற்பூரச் செடிகளில் எல்லாம் கட்டினோம். அந்த இலையைத் தனியாக வடிப்பது, ஒவ்வொரு வடிப்பிலும் டம்ளரில் விட்டுப் பார்ப்பது, தாழ்ந்தால் ஒரு டின், மிதந்தால் வேறு டின் என்று பேசி முடித்தோம். மிதக்கிற எண்ணெயில் ஒரு குப்பியும், இரண்டு செடியின் இலைகளும் முதலாளிக்குக் காட்ட வாங்கிக்கொண்டேன். டம்ளரை முத்துக்கருப்பனிடமே கொடுத்துவிட்டேன்.

மத்தியானம் வீட்டில் எனக்கு மட்டும் வாழையிலை போடப் போனார்கள். "ஹாஜியார், எனக்கும் சஹனிலேயே இடம் இருக்குமா?" என்று கேட்டேன். மகன்மார் நகர்ந்து இடம் விட்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்ப நான் ரெண்டு நாளா அந்தக் கிளாஸ சாம்பல் போட்டுக் கழுவி, ஆரையும் தொட உடாம, தனித் தட்டுல வெச்சீந்தது சும்மாவா?"

தலையைத் தூக்க முடியவில்லை. நல்லவேளை, சஹனில் சாப்பிடுகிறவன் குனிந்துதான் சாப்பிட வேண்டும். ஹாஜியார் தன் பக்கத்திலிருந்த கோழிக்காலை என் பக்கம் தள்ளினார். இரண்டு நாள் இட்லிக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன். பீங்கான் கோப்பையில் தேநீர் குடித்தேன், இரண்டு கோப்பை.

"முதலாளிக்கு என்ன செல்லுவீங்க?" என்று வாசலில் கேட்டார் ஹாஜியார்.

"கலப்படம் இல்லைன்னு சொல்வேன். முகத்துக்கு நேரே."

"செல்லுவீங்களா?" என்று அவர் சிரித்தார். அந்த இரண்டு நாளில் என்னை நன்றாகவே புரிந்துவைத்திருந்தார். ஆனால் சொன்னேன். இலைகளைக் கசக்கி முதலாளியின் மூக்கருகே பிடித்துச் சொன்னேன். ஹாஜியாரின் டின்கள் மறுபடி வர ஆரம்பித்தன.

எனக்கு நிம்மதி வந்ததா என்றால், இல்லை. பஸ்ஸுக்குப் புறப்படும்போது முத்துக்கருப்பனிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். அடுப்பு அப்போதுதான் பற்றியிருந்தது. அவர் ஒரு விறகுக்கட்டை மேல் உட்கார்ந்து, பரீட்சை டம்ளர் நிறையத் தேநீர் ஊற்றி, உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"எண்ணெய் எறங்க இன்னும் நேரம் இருக்குங்க, சார். அதுவரைக்கும் இது சும்மா கெடந்து வீணாத்தானே போவுது?"